இதோ வந்துட்டேன்

முதலில் இடிதான் வந்தது. மின்னல் அதற்குப் பின்னால் வந்தது.

சமையலறை ஜன்னலோரம் நின்று கேரட் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். பக்கத்துக் கட்டடத்தின் தலையிலேயே விழுந்ததுபோல் இருந்தது இடி. அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அந்தக் கிணுகிணுப்பு தொடங்கிய பிறகுதான் வெள்ளை வெளிச்சம் ஒரே வீச்சில் அடுப்பையும் சுவரையும் அவள் கைகளையும் நனைத்துவிட்டுப் போனது. இது வேறு மின்னல் என்று நினைத்துக்கொண்டாள். இந்த இடிக்கு உரியதை நான் கவனிக்கவில்லை, இப்போது வந்தது அடுத்ததற்கு உரியது. அடுத்த இடிக்காகக் காத்திருந்தாள். அது வரவேயில்லை.

"அம்மா, வானத்துக்கு வயிறு சரியில்லையா?" கூடத்திலிருந்து மகள் கேட்டாள். ஆறு வயதுக்காரி. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. வீட்டில் வாலு.

"ஆமா, உன்ன மாதிரி கண்டதையும் தின்னிருக்கும்."

சிரித்தபடியே கத்தியை அழுத்தினாள். சுருக்கென்றது. குனிந்து பார்த்தாள். விரலில் ஒன்றுமில்லை. கத்தி இன்னும் அங்கே வந்திருக்கவே இல்லை. வலி விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருக்க, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தி சரிந்து, ஆள்காட்டி விரலின் ஓரத்தில் நிதானமாக இறங்கி, மெல்லிய சிவப்புக் கோடு ஒன்றை வரைந்தது.

விரலைக் குழாயடியில் பிடித்தாள். முதலில் குளிர்ச்சி. பிறகு தண்ணீர்.

அவள் பிழைப்பே கண்ணும் காதும் ஒன்றாகப் போவதில் இருந்தது. தொலைக்காட்சித் தொடர்களில் அழகாக நடித்துவிட்டு வசனத்துக்கு மட்டும் ஆள் தேடும் நாயகிகளுக்கு அவள்தான் குரல். துணி ஒட்டிய சுவர்களும், பழைய தரைவிரிப்பின் வாடையும், தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்கிற அமைதியுமான சின்ன அறை, எதிரே திரை, திரையில் ஒரு வாய். அந்த வாய் திறக்கும் இடத்தில் இவள் குரல் திறக்க வேண்டும், மூடும் இடத்தில் மூட வேண்டும். ஸ்டூடியோவில் அவளுக்கு 'ஒரே டேக்' என்று பட்டப்பெயர். சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாலும் உதட்டைப் பார்த்தே வசனத்தைச் சொல்லிவிடுவாள். பேருந்தில் எதிர் இருக்கையில் சண்டை போடும் தம்பதியின் வழக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இடி இடித்த மறுநாள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து சவுண்ட் இன்ஜினியர் மைக்கில் சொன்னான்: "அக்கா, லிப்பு போகுது. வாயோட ஒட்டல."

"போயிருக்காதே. நல்லாத்தானே பிடிச்சேன்?"

"கதாநாயகி செத்துட்டாங்கக்கா. கண்ணும் மூடிட்டாங்க. நீங்க இன்னும் பேசிட்டிருக்கீங்க."

அவன் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். மறுபடி ஓடவிட்டான். மறுபடியும் பிந்தினாள். அவன் சிரிப்பு நின்றது. மூன்றாம் முறை, படப்பிடிப்பில் பதிவான நடிகையின் ஓட்டைக் குரல் காதுக்கருவியில் கேட்டதல்லவா, அதை மட்டும் பிடித்துக்கொண்டு திரையை விட்டுவிட்டாள். வாய் எங்கேயோ போகட்டும். காது சொன்ன இடத்தில் தொடங்கினாள், காது சொன்ன இடத்தில் முடித்தாள்.

"அப்பாடா, பழைய அக்கா வந்தாச்சு!"

அவள் வசனத்தை முடித்து, காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்த பிறகு, திரையில் அந்தப் பெண் சாகத் தொடங்கினாள்.

கண் மருத்துவர் பெரியவர். கண்ணுக்குள் விளக்கை அடித்துப் பார்த்தார், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். அவள் கொஞ்சம் நிதானித்துக் கடைசி வரி வரை படித்தாள். "இந்த மாதிரி கண்ணு எனக்கு இருந்தா நான் ஏம்மா இந்தச் சோடாபுட்டிய மாட்டிக்கிட்டு அலையறேன்?" என்றார். அவர் விளக்கை அணைத்து, பெட்டியில் வைத்து மூடி, நாற்காலியை இழுத்து உட்கார்ந்த சத்தமெல்லாம் கேட்டு ஓய்ந்த பிறகு, அவள் கண்ணுக்குள் அந்த விளக்கு எரிந்தது.

அவரிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கணவனுக்கு வேறு ஊரில் கட்டட வேலையில் மேற்பார்வை, வாரக் கடைசியில்தான் வருவான். போன மாதம் ஒரு நாள், அவள் களைத்துப்போய்ப் படுத்திருந்தபோது, அவன் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவியபடி சொன்னான்: "தனியா முடியலைன்னா சொல்லு. வாலுவ கொஞ்ச நாள் எங்கம்மாகிட்ட விட்டுடலாம். அங்க ஸ்கூல் கூட நல்ல ஸ்கூல்தான்." அதட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு கேட்டிருப்பாள். அன்பாகச் சொன்னான். அந்த அன்புதான் அவளைப் பயமுறுத்தியது. கொஞ்ச நாள் என்பது எவ்வளவு நாள் என்று அவளால் கேட்க முடியவில்லை. கண் சரியில்லை என்ற ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் போதும், ஒரு சின்னப் பெட்டியில் சின்னக் கவுன்களை அடுக்கிவிடுவார்கள்.

அண்ணனிடம் மட்டும் போனில் சுற்றி வளைத்துக் கேட்டாள். அவர் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர்.

"அண்ணா, ஒரு சீரியல்ல வருது, அதுக்காகக் கேக்கறேன். நாம பாக்கறது எல்லாம் இப்போ நடக்கறதுதானே?"

"யாரு சொன்னா? எதுவுமே இப்போ இல்ல. நீ பாக்கற சூரியன் எட்டு நிமிஷத்துப் பழசு. எதிர்ல உக்காந்திருக்கற ஆளோட மூஞ்சியும் ஒரு துளி பழசுதான். வெளிச்சம் கிளம்பி, கண்ணுக்கு வந்து, மூளைக்குப் போகணும். மூளையும் உடனே காட்டிடாது. சத்தம் வரட்டும், தொடுறது வரட்டும்னு நிக்கும். எல்லாரும் வந்து வரிசையா நின்னாத்தான் எடுப்பேன்னு அடம் பிடிக்கற போட்டோக்காரன் மாதிரி."

"அப்போ 'இப்போ'ன்னு சொல்றது?"

"அந்த போட்டோவத்தான். போட்டோவப் பாத்துக்கிட்டு வாழ்க்கைன்னு சொல்லிட்டிருக்கோம் எல்லாரும். இன்னும் சொல்லப்போனா, எங்க ஆளுங்க சில பேர் கணக்குப்படி நேத்து, இன்னிக்கு, நாளைக்கு எல்லாமே படச்சுருள் மாதிரி ஏற்கெனவே இருக்கு. ஓடற மாதிரி தெரியறது நமக்குத்தான்."

"போட்டோக்காரன் ஒருத்தன வரிசையில சேக்காம விட்டுட்டா? சத்தம் வந்துடுது, தொடுறது வந்துடுது. பாக்கறது மட்டும் பின்னால..."

மறுமுனையில் அண்ணனின் சிரிப்பு அடங்கியது. "உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன. கதையில அப்படி வருது."

"உங்க சீரியல்ல மாமியாரு விஷம் வைக்கறத விட்டுட்டு இதெல்லாமா எடுக்கறாங்க? உருப்பட்டுடும்."

வைத்துவிட்டாள். போனைக் கீழே வைத்த கையை மடியில் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வையில் அந்தக் கை இன்னும் போனைப் பிடித்திருந்தது. அசையாமல் இருக்கும் தன் கை, தன் கண்ணெதிரே தானாக இறங்கி, போனை வைத்து, மடிக்கு வருவதைப் பார்த்தாள். யாரோ ஒருத்தியின் கை. அவளுடைய மோதிரத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு சிமிட்டல் அளவாக இருந்த பார்வையின் பிந்தல் ஒரு மூச்சளவாயிற்று. மூச்சளவு, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரமாயிற்று. அதற்குப் பிறகு மளமளவென்று வளர்ந்தது. பால் பொங்குகிற நேரம். அவள் கூடத்தில் நடந்துகொண்டிருப்பாள், கண்ணில் சமையலறை இருக்கும். உட்கார்ந்திருப்பாள், கண்ணில் தரை அசைந்து போய்க்கொண்டிருக்கும். முதல் இரண்டு நாள் குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணை நம்புவதை விட்டாள். சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கப் பழகினாள். குளிர்சாதனப் பெட்டியின் முனகல் எந்தப் பக்கம், ஜன்னலின் காற்று எந்தப் பக்கம், கால் விரலுக்குக் கீழே எந்தத் தரைக்கல் லேசாக ஆடும் என்று உடம்புக்குத் தெரிந்துபோனது. ஸ்டூடியோவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். பள்ளி வேன் வாசலுக்கே வந்தது, அது ஒரு நல்லது.

படுக்கைதான் கொடுமை. விளக்கை அணைத்து, கண்ணை மூடி, மகளை இழுத்து அணைத்துக்கொண்ட பிறகும் அறை வெளிச்சமாகவே இருக்கும். மூடிய இமைக்குப் பின்னால் கூடம், தட்டுகள், மகள் பல் தேய்க்கும்போது வாயில் நுரையோடு காட்டிய கோணங்கி முகம். பிறகு விளக்கணைக்கப் போகும் கை. பிறகு இருட்டு. காலையில் அதற்கு நேர்மாறாக, கண்ணைத் திறந்தாலும் விடியாது. மகள் வயிற்றின் மேல் ஏறிக் குதித்து எழுப்பிக்கொண்டிருப்பாள், அவள் கும்மிருட்டில் கிடப்பாள், நேற்று மூடிய இமைகளின் இருட்டு இன்னும் தீராமல்.

அதனால் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தாள். "வாலு, வீட்டுக்குள்ள எங்க போனாலும் பேசிக்கிட்டே இருக்கணும். வாய மூடினா அவுட்டு."

"நெசமாவா? இவ்வளவு நாளா வாய மூடு, வாய மூடுன்னு திட்டுவியே!"

"இப்போ திறந்து வையி. எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியணும்."

மகள் வாயை மூடவேயில்லை. இப்போ நான் சோபா மேல ஏறிட்டேன். இப்போ குதிக்கப் போறேன். இப்போ உன் செருப்ப ஒளிச்சு வைக்கறேன், எங்கன்னு சொல்ல மாட்டேன். அந்தக் குரல் வீடு முழுவதும் ஒரு நூல்போல ஓடியது. அவள் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

ஆனால் குழந்தைகளை ஏமாற்றுவது கஷ்டம்.

"அம்மா, நீ ஏன் என் மூஞ்சியப் பாக்காம காதப் பாக்கற?"

"காதுல அழுக்கு இருக்கா பாக்கறேன்."

இன்னொரு நாள் அவள் தோசைக் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சிரித்துவிட்டாள். கண்ணில், மகள் தன் தலையில் சல்லடையைக் கவிழ்த்துக்கொண்டு படை வீரன் மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

"இப்போ ஏம்மா சிரிக்கற?" மகளின் குரல் வேறு மூலையிலிருந்து, கொஞ்சம் பயந்தாற்போல் வந்தது. "சல்லடைய நான் வச்சுட்டேனே. அது அப்பவே முடிஞ்சு போச்சும்மா."

அவள் கரண்டியை வைத்தாள். கணவன் சனிக்கிழமை வருகிறான். சொல்லிவிட வேண்டும். என்ன ஆனாலும் சரி, சொல்லிவிட வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு அது தெரிந்தது மூக்கால். ஜன்னல் வழியே ஈரத் தூசியின் வாடை. மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மகளைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. குரல் இல்லாமல் படியேறவும் துணிவில்லை.

"வா, துணி எடுத்துட்டு வந்துடலாம். என் கையப் பிடிச்சுக்கோ."

இரும்புக் கதவின் தாழ்ப்பாளைத் தடவித் திறந்தாள். காற்று கதவை வெடுக்கென்று கையிலிருந்து பறித்துச் சுவரில் அடித்தது. கொடிக் கயிறுகள் விம்மின. ஈரம் காயாத படுக்கை விரிப்புகள் படபடவென்று அறைந்துகொள்ளும் சத்தத்தில், அவள் பிடியில் இருந்த சின்னக் கை நழுவியது.

"பேசிக்கிட்டே இரு வாலு!"

"பேசறேன்! கிளிப்பு எல்லாம் நான் எடுக்கறேன்! அம்மா, உன் புடவை பேய் மாதிரி ஆடுது!"

கயிற்றைத் தடவித் தடவித் துணிகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். கண்ணில் வீட்டுச் சமையலறை. அடுப்பை அணைத்துக்கொண்டிருந்த அவள் கை. காதில் காற்று, துணி, மகள். அப்பா சட்டைய காத்து தூக்கிட்டுப் போச்சு. அம்மா, சட்டை பறக்குது. பிறகு தண்ணீர்த் தொட்டியின் மேல் மழையின் முதல் துளிகள், தகரத்தில் கடலை கொட்டினாற்போல். கழுத்தில், கையில், உதட்டில் துளிகள். துணிச் சுமையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்து கதவுக்கு வந்துவிட்டாள். மகளின் குரல் வந்த திசைக்குத் திரும்பினாள்.

"வாலு! போதும், உள்ள வா!"

"இதோ வந்துட்டேம்மா!"

முழங்காலில் ஏதோ ஈரமாக உரசிக்கொண்டு உள்ளே போனது. "ஓடாத, படி வழுக்கும்," என்றாள். காற்று கதவை உள்ளிருந்து உறிஞ்சி இழுத்தது. தோளைக் கொடுத்து அதைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். காற்று ஓய்ந்தது. படிக்கட்டில் மழையின் சத்தம் தூரத்துப் பேச்சுபோல் ஆகிவிட்டது.

"மெதுவா இறங்கு, என்ன?"

முன்னாலேயே ஓடிவிட்டாள் போலிருக்கிறது. சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினாள். கண்ணில் இப்போதுதான் அவர்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள்; முன்னால் மகளின் பின்னல் துள்ளிக்கொண்டு போனது. அதைப் பின்தொடர்வதுபோலவே வீட்டுக்குள் வந்தாள். துணியைச் சோபாவில் போட்டாள்.

"தலைய துவட்டணும், வா."

குளிர்சாதனப் பெட்டி முனகியது.

"வாலு, வாய மூடினா அவுட்டு."

குழாயில் ஒரு சொட்டு விழுந்தது.

துணிக் குவியலில் கையை வைத்தாள். மேலே கிடந்த விரிப்பின் ஒரு முனை தரை வரை தொங்கி, ஈரமாக அவள் முழங்காலில் ஒட்டியது. அதே உரசல். கதவருகே உரசியது இதுதான்.

வாசலில் குனிந்து தடவினாள். அவள் செருப்பு இருந்தது. சின்னச் செருப்பு இல்லை.

வந்துட்டேன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கட்டட வேலையிடத்தை விட்டுக் கிளம்பாமலே கணவன் போனில் சொல்வான், வந்துட்டேன். குழாய் ரிப்பேர்காரர் வேறு யாருடைய வீட்டுக் குழாயையோ கழற்றிக்கொண்டே சொல்வார், வந்துட்டேன் மேடம். குளிக்கும்போது மகள் கதவைத் தட்டினால், தலையெல்லாம் நுரையோடு அவளே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். நடக்காததை நடந்துவிட்டதாகச் சொல்கிற சொல். அதை நம்பி யாரும் கதவைச் சாத்துவதில்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சாத்துவார்கள்.

அவளும் திரும்பிப் பார்த்தாள்தான். பார்த்தது இன்னும் வந்து சேரவில்லை.

ஓடினாள். நிலைப்படியில் தோள் இடித்தது. முதல் படியில் முழங்கால் இடித்தது. கைகளால் படிகளைப் பற்றி ஏறினாள். அப்போது கண்ணில் மொட்டை மாடி திறந்தது. சாம்பல் நிற வானம், ஊதிப் புடைத்த விரிப்புகள், அவற்றுக்கிடையே கவுனின் விளிம்பு முழுக்கக் கிளிப்புகளைக் கவ்வவிட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும் மகள். சத்தமில்லாமல். அவள் காதில் தன் மூச்சும், தன் உள்ளங்கைகள் படியில் அறையும் ஓசையும் மட்டுமே. கண்ணில் வெள்ளைச் சட்டை கயிற்றிலிருந்து கழன்று, உருண்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் மாட்டியது. மகள் அதைப் பார்த்தாள். வாளி ஒன்று சுவரோரம் கிடந்தது.

வேண்டாம்.

அவள் படிகளில் தவழ்ந்துகொண்டிருந்தாள். வேண்டாம், வேண்டாம் என்று கத்தினாள். கண்ணில் இருந்தவளுக்கு அது கேட்காது. அது அப்பவே முடிஞ்சு போச்சு.

மகள் வாளியைக் கவிழ்த்தாள். ஏறினாள். ஒரு முழங்காலைச் சுவர்மேல் வைத்தாள்.

காட்சி ஆடியது, கயிறுகளை விட்டு நகர்ந்து சுவரோரமாகவே வந்து, கதவருகே நின்று திரும்பியது. தூரத்தில், மழைக் கோடுகளுக்கு அப்பால், மகள் இப்போது இரண்டு முழங்காலும் சுவரின் மேல் வைத்து, ஒரு கையால் கம்பியை எட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்ட குரல் கேட்டுத் தலையைத் திருப்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. உதடுகள் அசைந்தன. இதோ வந்துட்டேம்மா. அவளுக்குப் படிக்கத் தெரிந்த உதடுகள்.

அவை நிற்கவில்லை. காற்று விழுங்கிய மிச்சத்தையும் சொல்லின.

அம்மா, என்னையப் பாரேன்.

பிறகு இரும்புக் கதவு அந்த முகத்தின் குறுக்கே வந்து மூடியது. துருப்பிடித்த தாழ்ப்பாள். அவள் கை. ஒருத்தியின் கை.

அதே தாழ்ப்பாள் இப்போது விரல்களில் சில்லென்று தட்டுப்பட்டது. இழுத்தாள். திறந்தாள். மழை முகத்தில் அறைந்தது.

"வாலு!"

மழை.

"வாலு, பேசுடி! எங்க இருக்க, பேசு!"

மழை தொட்டியின் மேல். மழை தரையில். மழை கவிழ்ந்த எதன் மேலோ, வேறு மாதிரியான சத்தத்தில். அந்தச் சத்தத்தை நோக்கிக் கைகளை நீட்டியபடி ஓடினாள். வாளி காலில் இடித்தது. வாளிக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு, பாதி நீர் நிரம்பி. ஒன்றுதான். சுவரைத் தடவினாள், இந்தக் கோடி, அந்தக் கோடி. ஒரு கிளிப்பு. இன்னொரு கிளிப்பு. கம்பியைத் தேடிக் கை வெளியே போனது. சட்டை இல்லை.

கீழே தெருவில் ஒரு வண்டி கிறீச்சிட்டு நின்றது. இன்னொன்று நின்றது. யாரோ ஓடும் காலடி. ஓர் ஆண் குரல் எதையோ தொடங்கிப் பாதியில் நிறுத்தியது.

அவள் சுவரின் மேல் கவிழ்ந்து தலையை வெளியே நீட்டினாள். கண்களை அகல விரித்தாள். கண்கள் பார்த்தன. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரு படிக்கட்டு, ஒரு சுவர், சுவரைத் தடவிக்கொண்டு நிதானமாக இறங்கும் ஒரு கை. மெதுவா இறங்கு, என்ன?

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று தெரியாது. தோளில் கை விழுந்தது. கீழ் வீட்டு நர்ஸ்; குரலில் தெரிந்தது, ஓடி வந்த மூச்சில் தெரிந்தது.

"அக்கா, வேண்டாம்க்கா. பாக்காதீங்க. நீங்க பாக்க வேண்டாம், இங்க வாங்க."

நர்ஸ் அவளைச் சுவரிலிருந்து பிரித்து, ஈரத் தரையில் உட்காரவைத்து, தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, உள்ளங்கையால் அவள் கண்களை இறுகப் பொத்தினாள். கை சூடாக இருந்தது. சோப்பு வாசனை அடித்தது. "பாக்காதீங்கக்கா," என்று அந்தக் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது, அழுதுகொண்டே, குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல.

அந்தக் கைக்குள், மூடிய இமைகளுக்குள், நல்ல வெளிச்சமாக இருந்தது. சோபாவில் துணிகள். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. பிறகு நிலைப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, படிகள் ஒவ்வொன்றாக மிக அருகில் வந்து வந்து கீழே போயின. இரும்புக் கதவு வந்தது. அவள் கை தாழ்ப்பாளைப் பிடித்து இழுப்பதை அவள் பார்த்தாள். கதவிடுக்கில் சாம்பல் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்து அகலமாகிக்கொண்டே வந்தது.